வாங்கியாயிற்று என்கிறது, பூட்டுத் திறக்கவில்லை

11 பிப்ரவரி 2024, காலை 9.40: வாசகர் கேள்வி

பஞ்சாங்கச் செயலி ஒன்றில் ‘விளம்பரங்களை நிரந்தரமாக நீக்க ரூ.199’ என்று இருந்ததை நம்பி, சென்ற ஆவணியில் பணம் கட்டினேன். ஐந்து மாதம் ஒரு விளம்பரமும் வரவில்லை. பொங்கலுக்குப் புதுக் கைபேசி வாங்கி அதே செயலியை இறக்கினேன். இப்போது இராகு காலம் பார்க்கப் போனால் திரை முழுவதும் நகைக்கடன் விளம்பரம் வருகிறது. செயலிக்காரருக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. செயலிகளை இறக்கும் இணையக் கடையின் உதவிப் பக்கம் ‘செயலியை உருவாக்கியவரைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்கிறது. பரிவர்த்தனை வெற்றி, இனித் தங்களுக்கு அதில் வேலை இல்லை என்று வங்கியில் சொல்கிறார்கள். என் முடிவு இதுதான்: செயலிக்குள் விற்கப்படுவதெல்லாம் ஏமாற்று, கடையும் அதற்கு உடந்தை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

11 பிப்ரவரி 2024, இரவு 10.15: என் பதில்

மறுக்கிறேன். கையிலே காசு வாயிலே தோசை என்பது எதிரெதிரே நின்று நடக்கும் வியாபாரத்துக்குப் பொருந்தும். இங்கே காசு ஒரு வழியாகப் போகிறது, தோசை வேறொரு வழியாக வர வேண்டியிருக்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் வங்கி பணத்தைக் கழிக்கிறது. கடை அதைப் பெற்றுக்கொண்டு, இன்ன கணக்குக்காரர் இன்ன பொருளை வாங்கினார் என்று எழுதி வைக்கிறது. செயலி அந்தப் பதிவைக் கேட்டுப் பார்த்துத் தன் பூட்டைத் திறக்க வேண்டும். இந்த மூன்றில் எது தடுக்கினாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான், பணம் போயிற்று, பொருள் வரவில்லை என்பது. ஆகவே எடுத்த எடுப்பிலேயே திருட்டு என்று சொல்வதற்கு முன் எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்க்க வேண்டும்.

முதலில் புதுக் கைபேசியில் எந்தக் கணக்கால் அந்தச் செயலியை இறக்கினீர்கள் என்று பாருங்கள். பல வீடுகளில் ஒரே கைபேசியில் கணவர் கணக்கு, மனைவி கணக்கு, அலுவலகக் கணக்கு என்று மூன்று இருக்கும். வாங்கியது ஒன்றில், இறக்கியது இன்னொன்றில் என்றால் கடை கைவிரிக்கத்தான் செய்யும். அடுத்து, செயலியின் அமைப்புகளில் ‘வாங்கியதை மீட்டெடு’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றாவதாக, ஆவணியில் வந்த ரசீது மின்னஞ்சலைத் தோண்டி எடுங்கள். கூகுள் பிளே ரசீதாக இருந்தால் ‘ஜிபிஏ’ என்று தொடங்கும் ஒரு நீண்ட ஆணை எண் அதில் இருக்கும். அந்த எண் இல்லாமல் எழுதப்படும் எந்தப் புகாரும் முகவரி எழுதாத கடிதம்.

பொருள் வராவிட்டால் ஐந்து நாள் பொறுங்கள், பணம் தானாகத் திரும்பும் என்றும் ஒரு விதி உண்டு.

12 பிப்ரவரி 2024, காலை 7.05

நேற்று இரவின் கடைசி வரியை அழித்துவிட்டதாகக் கொள்ளுங்கள். தூக்கத்தில் இரண்டு விதிகளைக் குழப்பிவிட்டேன்.

அந்த ஐந்து நாள் கணக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையில் வருவது. யுபிஐயில் உங்கள் கணக்கிலிருந்து பணம் கழிந்து, விற்பவரிடம் போய்ச் சேர்ந்ததற்கான உறுதி கிடைக்காமல் நின்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இங்கே விற்பவர் என்பது கடை. கடைக்குப் பணம் சேர்ந்துவிட்டது. அதற்கப்பால் செயலி பொருளைக் கொடுத்ததா இல்லையா என்பது அந்தச் சுற்றறிக்கையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. கேள்வி கேட்டவரின் வங்கி சொன்னது எரிச்சலூட்டும் பதிலாக இருந்தாலும் சரியான பதில்தான்.

14 பிப்ரவரி 2024, இரவு 9.30

‘மறுக்கிறேன்’ என்று பெரிய தோரணையில் எழுதிய நான், ஒரு மாதமாக என் வீட்டில் நடப்பதைச் சொல்லாமல் மறைப்பது நியாயமில்லை.

என் மகள் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். அவளுடைய சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக நிற்கும் ஒலியின் உயரம், ஐந்தரைக் கட்டை; கட்டை என்பது அந்த உயரத்தை அளக்கும் படி. வீட்டில் பயிற்சி செய்வதற்காக, அந்த ஆதார ஒலியை விடாமல் இசைக்கும் ஒரு சுருதிப் பெட்டிச் செயலியை இறக்கினோம். அதில் ஒன்று, ஒன்றரை, ஐந்து ஆகிய கட்டைகள் மட்டும் இலவசம். மற்றவை பூட்டிக் கிடந்தன. ‘எல்லாக் கட்டைகளும், அசல் தம்புரா ஒலிப்பதிவுடன், ஒரே முறை ரூ.449’ என்றது. கட்டினேன். ‘வெற்றிகரமாக வாங்கிவிட்டீர்கள்’ என்று பச்சை எழுத்து வந்தது, பூட்டுப் படங்கள் எல்லாம் மறைந்தன, ஐந்தரையை அழுத்தினால் தம்புரா கேட்டது. இதில் குறை காண என்ன இருக்கிறது?

இரண்டாவது வாரம் பாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பெண் எதை எடுத்தாலும் அரைக் கட்டை இறக்கியே எடுக்கிறாள், வீட்டில் சாதகம் செய்கிறாளா இல்லையா என்று கேட்டார். செய்கிறாள், தினமும் முக்கால் மணி நேரம் செய்கிறாள். பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். அன்று இரவு சுருதியின் அலைவெண்ணைக் காட்டும் இன்னொரு செயலியை (அது இலவசம் என்பதை வேதனையுடன் பதிவு செய்கிறேன்) பக்கத்துக் கைபேசியில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஐந்து கட்டையில் ஆதார சட்ஜம் (ஸ) நொடிக்கு 196 அதிர்வு என்று காட்டியது, சரி. ஐந்தரையில் 207.7 அளவில் காட்ட வேண்டும். அதிலும் 196. மாற்றி மாற்றி அழுத்தினேன், எழுத்துதான் மாறியதே தவிர ஒலி மாறவில்லை. நான் 449 ரூபாய் கொடுத்து வாங்கிய ஐந்தரை, இலவசமாகக் கிடைத்த ஐந்துதான், வேறு பெயரில்.

கேள்வி கேட்டவருக்குப் பூட்டுத் திறக்கவில்லை. எனக்குத் திறந்தது, உள்ளே வேறு சாமான் இருந்தது. எது மோசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. திறக்காத பூட்டைப் பார்த்தால் உடனே தெரியும். என் வீட்டில் விஷயம் தெரிய ஒரு குழந்தை இரண்டு வாரம் திட்டு வாங்க வேண்டியிருந்தது.

14 பிப்ரவரி 2024, இரவு 9.52

‘கைபேசியின் ஒலிபெருக்கி சரியில்லாமல் இருக்கலாமே’ என்பவருக்கு: ஒலிபெருக்கி கெட்டால் சத்தம் கரகரக்கும், சுருதி அரைக் கட்டை இறங்காது. இருந்தாலும் காதில் மாட்டியும் பார்த்தேன். 196.

17 பிப்ரவரி 2024, மாலை 6.20

கேள்வி கேட்டவர், வாங்கிய கணக்கும் இறக்கிய கணக்கும் ஒன்றே என்று உறுதி செய்திருக்கிறார்; ஆணை எண்ணும் அந்தக் கணக்கின் வரலாற்றில் இருக்கிறதாம். மீட்டெடுக்கும் பொத்தான் செயலியில் இல்லை. ஆகவே என் முதல் குறிப்பின் அனுமானம் விழுந்துவிட்டது. இனிப் பேச வேண்டியது வேறு ஒன்று.

செயலிக்குள் ஒருமுறை பணம் கொடுத்து வாங்கும் பொருளில் இரண்டு வகை உண்டு. ஒன்று தின்று தீர்ப்பது: விளையாட்டில் வரும் நாணயம், உயிர், குறிப்பு போன்றவை. தீர்ந்தால் மறுபடி வாங்கலாம்; எனவே கடை அதை ‘இவரிடம் இருக்கிறது’ என்று நிலையாகக் குறித்து வைப்பதில்லை. இன்னொன்று வைத்துக்கொள்வது: விளம்பர நீக்கம், கூடுதல் எழுத்துரு, என் ஐந்தரைக் கட்டை போன்றவை. இது கணக்கோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கைபேசி மாறினாலும் கூடவே வர வேண்டும். ஆப்பிள் கடையில் விற்பவர் பொருளைப் பதியும்போதே இது எந்த வகை என்று சொல்லியாக வேண்டும். வைத்துக்கொள்ளும் வகையை விற்றால் அதை மீட்டெடுக்கவும் வழி வைக்க வேண்டும். கூகுள் பிளேயில் ‘தின்றாயிற்று’ என்று செயலியின் நிரல் கடைக்குச் சொன்னால் அது தின்ற பொருள், சொல்லாவிட்டால் வைத்துக்கொண்ட பொருள்.

ஆண்ட்ராய்டில் இதைக் காசு செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். வாங்கிய அதே பொருளின் பொத்தானை மறுபடி அழுத்துங்கள். ‘இது ஏற்கெனவே உங்களிடம் உள்ளது’ என்று வந்தால் கடையின் ஏட்டில் உங்கள் பெயர் இருக்கிறது, செயலிதான் அதைப் பார்க்காமல் தூங்குகிறது. மாறாக, 199 ரூபாய் என்று விலையைக் காட்டிப் பணம் கட்டும் தாள் மேலெழுந்தால், நீங்கள் வாங்கியது ஏட்டில் தின்று தீர்ந்த பொருளாகக் கழிக்கப்பட்டிருக்கிறது. அந்த நொடியில் பின்வாங்கிவிடுங்கள். கட்டைவிரல் பழக்கத்தில் ரேகைப் பொத்தான் மீது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

17 பிப்ரவரி 2024, இரவு 8.45

விலைத் தாள் வந்ததாம். அவர் அனுப்பிய கைபேசித் திரையின் படத்தில் தெளிவாக இருக்கிறது: மேலே ‘நிரந்தரமாக’, கீழே மறுபடியும் ரூ.199.

‘எல்லாம் ஏமாற்று’ என்ற அவருடைய வாக்கியத்தை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆனால் இந்த ஒரு செயலியைப் பொறுத்தவரை, நிரந்தரம் என்ற சொல்லை எழுதியவர்களின் நிரலே அதைத் தின்று தீர்க்கும் பொருளாக ஆக்கியிருக்கிறது என்பது உறுதி. பழைய கைபேசியில் ஐந்து மாதம் விளம்பரம் வராததற்குக் காரணம், வாங்கியதை அந்தக் கைபேசிக்குள்ளேயே ஒரு மூலையில் குறித்து வைத்திருந்ததுதான். கைபேசி போனால் குறிப்பும் போயிற்று. அதாவது அவர் வாங்கியது அந்தக் கைபேசியின் ஆயுள் வரைக்குமான நிரந்தரம்.

அறியாமையா, சூழ்ச்சியா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் நிரலில் ஒரே மாதிரிதான் தெரியும். மின்னஞ்சலுக்குப் பதில் வருகிறதா என்பதில் வேண்டுமானால் வேறுபாடு தெரியலாம். இவருடைய மூன்று மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை.

25 பிப்ரவரி 2024, காலை 11.10

நேர்மாறான ஓர் அனுபவம். முன்பு ஒரு குறுக்கெழுத்துச் செயலியில் 79 ரூபாய்க்கு இருபது குறிப்புகள் வாங்கினேன். ஒன்றுகூட ஏறவில்லை. வழக்கம்போலத் திட்டிவிட்டு மறந்தேன். மூன்று நாள் கழித்து, நான் யாரிடமும் கேட்காமலேயே, பணம் திரும்ப வருகிறது என்று மின்னஞ்சல் வந்தது. செயலிக்காரர் மனம் இளகிவிட்டார் என்று நினைத்து ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன்.

பின்னால்தான் விவரம் புரிந்தது. கூகுள் பிளேயில், பொருளைக் கொடுத்துவிட்டேன் என்று செயலி மூன்று நாளுக்குள் கடைக்கு ஒப்புகை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் கடை அந்த வாங்குதலை ரத்து செய்து பணத்தைத் தானே திருப்பிவிடும். என் குறுக்கெழுத்துக்காரர் நிரலைச் சரியாக எழுதாததால் குறிப்பும் ஏறவில்லை, ஒப்புகையும் போகவில்லை. அவருடைய கவனக்குறைவு என் காசைக் காப்பாற்றியது. நான் கொடுத்த ஐந்து நட்சத்திரம் உண்மையில் அந்தக் கவனக்குறைவுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த ஏற்பாடு கவனமில்லாதவரிடமிருந்து நம்மைக் காக்கும். ஒப்புகையை முதல் நொடியிலேயே அனுப்பிவிட்டுப் பொருளைக் கொடுக்காதவரிடமிருந்து காக்காது. சட்டியில் இருக்கிறதா என்று கடை பார்ப்பதில்லை; அகப்பை அசைந்ததா என்று மட்டும் பார்க்கிறது. பஞ்சாங்கமும் சுருதிப் பெட்டியும் அகப்பையை ஒழுங்காக அசைத்துவிட்டன.

9 மார்ச் 2024, இரவு 10.40

‘வெளிநாட்டில் இப்படி நடந்தால் விடுவார்களா’ என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அங்கேதான் இது தொடங்கிற்று.

ஆப்பிள் 2009இல் செயலிக்குள் விற்கும் வசதியைக் கொண்டுவந்தபோது அதை விலை கொடுத்து வாங்கும் செயலிகளுக்கு மட்டும் அனுமதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் இலவசச் செயலிகளுக்கும் திறந்துவிட்டது. சிக்கலின் வித்து அந்த அக்டோபரில்தான் விழுந்தது என்று நினைக்கிறேன்; நுழைவு இலவசம், உள்ளே ஒவ்வொரு கதவுக்கும் காசு என்ற ஏற்பாடு அப்போதுதான் பிறந்தது. 2011இல் அமெரிக்காவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஸ்மர்ஃப்ஸ் வில்லேஜ் என்ற இலவச விளையாட்டில் கற்பனைப் பழங்களை வாங்கி 1,400 டாலர் செலவழித்த செய்தி வெளியாயிற்று. ஒருமுறை கடவுச்சொல்லைப் போட்டால் அடுத்த 15 நிமிடம் மறுபடி கேட்காமல் கடை விற்றுக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அந்தக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலரைத் திருப்பித் தர அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது. செப்டம்பரில் கூகுள் குறைந்தது 1.9 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டது. ஐரோப்பிய ஆணையம் ‘இலவசம்’ என்ற சொல்லைக் கேள்வி கேட்ட அதே ஆண்டின் இறுதியில், ஆப்பிள் கடையின் பொத்தானில் இருந்த ‘இலவசம்’ மறைந்து ‘பெறுக’ என்று மாறியது.

இதையெல்லாம் எழுதியபின் ஒன்று உறைக்கிறது. இந்தப் பெரிய வழக்குகள் எல்லாமே ‘கேட்காமல் விற்றாய்’ என்ற வழக்குகள். ‘விற்றது வேலை செய்யவில்லை’ என்பதற்காக இவ்வளவு பெரிய தொகை கைமாறியதாக ஒன்றுகூட என் நினைவுக்கு வரவில்லை. காரணம் எளிது. பிள்ளை அழுத்திய 1,400 டாலர் வீட்டையே எழுப்பிவிடும். வேலை செய்யாத விளம்பர நீக்கத்தின் 199 ரூபாய்க்காக யாரும் படி ஏறுவதில்லை. ஏறமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த விலையே வைக்கப்படுகிறதோ என்று சில நேரம் தோன்றுகிறது.

10 மார்ச் 2024, காலை 8.00

நேற்று விட்டுப்போன ஒன்று, எச்சரிக்கையாக. இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை என்று வங்கியில் மறுப்புத் தெரிவித்துப் பணத்தைப் பிடுங்கிவிடுங்கள் என்று இங்கே ஒருவர் வழி சொல்லியிருக்கிறார். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் மீது அதே அமெரிக்க ஆணையம் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, இப்படி மறுப்புத் தெரிவித்தவர்களின் கணக்குகளையே அந்த நிறுவனம் பூட்டியது என்பது. அவர்கள் அதற்கு முன் காசு கொடுத்து வாங்கிய எல்லாமும் கூடவே போயிற்று. 2022 டிசம்பரில் அந்த வழக்கு, திருப்பித் தருவதற்காக 24.5 கோடி டாலர் என்று முடிந்தது. மின்னஞ்சல், படங்கள், ஆவணங்கள் எல்லாம் தொங்கும் ஒரே கணக்கை 199 ரூபாய்க்காகப் பணயம் வைக்க நான் சொல்லமாட்டேன். அது கடைசி வழி.

30 மார்ச் 2024, மாலை 5.15

என் 449 ரூபாய் எங்கே நிற்கிறது என்பது பற்றி.

முதலில் கடையிடம் கேட்டேன். வாங்கி 48 மணி நேரம் கடந்துவிட்டதால் செயலிக்காரரிடம் போகச் சொன்னது. செயலிக்காரர் தந்திருந்த முகவரிக்கு எழுதியது சேரவில்லை, பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வந்தது. ஐந்தரைக் கட்டை அரைக் கட்டை இறங்கியிருக்கிறது என்பதை இரண்டு நாளில் கண்டுபிடிக்கும் காது எனக்கு இல்லை என்பதற்காக நான் தண்டம் கட்ட வேண்டுமா?

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசினேன். 2023 நவம்பர் 30இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் பதின்மூன்று வகை இணைய வியாபாரத் தந்திரங்கள் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவது, சந்தாவில் சிக்கவைத்து வெளியேற விடாதது, ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுப்பது எல்லாம் அதில் வருகின்றன. என் வழக்கு ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுத்த வகையில் சேரும் என்று புகாரில் எழுதினேன். இரண்டு அலைவெண்களும் தெரியும் கைபேசித் திரையின் படங்களை இணைத்தேன். எதிர்த்தரப்பாகச் செயலியை மட்டும் குறிக்காமல் கடையையும் குறித்தேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கடையும் உடந்தை என்று கேள்வி கேட்டவர் சொன்னதை முதல் நாள் மிகை என்று ஒதுக்கினேன். உடந்தை என்ற சொல் இன்னும் மிகைதான். ஆனால் கடை வெறும் திண்ணையும் அல்ல. செயலிக்குள் நடக்கும் விற்பனையில் இரண்டு பெரிய கடைகளும் பொதுவாக 30 சதவீதம் எடுத்துவந்தன. 2021 முதல் சிறிய விற்பனையாளர்களிடம் 15 சதவீதம். தரகு வாங்கியவருக்குச் சரக்கைப் பற்றிக் கொஞ்சமாவது கவலை இருக்க வேண்டும் என்று கேட்பது தவறாகத் தெரியவில்லை.

6 ஏப்ரல் 2024, இரவு 9.05

பணம் வந்துவிட்டது. 449 முழுதாக. ‘இம்முறை மட்டும் விதிவிலக்காக’ என்று கடை எழுதியிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பணத்தைத் திருப்பியவர்கள் பொருளை எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாக் கட்டைகளும் இன்னும் திறந்தே இருக்கின்றன. இப்போது எனக்கு வேலை செய்யாத ஐந்தரைக் கட்டை இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

21 ஏப்ரல் 2024, மதியம் 2.30

‘ஒரேயடியாக வாங்காமல் சந்தாவாகக் கட்டினால் பிடிக்காதபோது நிறுத்திவிடலாமே’ என்ற யோசனைக்கு என் தந்தையின் கைபேசியைச் சாட்சிக்கு அழைக்கிறேன். ராசிபலன் செயலி ஒன்று மூன்று நாள் சோதனை என்று தொடங்கி, அதன்பின் வாரம் 149 ரூபாய் எடுத்தது. பலன் ஒன்றும் திறக்கவில்லை. ‘விரைவில் வரும்’ என்ற பலகை மட்டும் வாராவாரம் வந்தது. அப்பா செயலியை நீக்கிவிட்டுத் தொல்லை தீர்ந்தது என்று இருந்தார். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. கடைக் கணக்கின் சந்தாப் பட்டியலுக்குப் போய் நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. இந்த வகைச் செயலிகளுக்கு 2019இல் சோஃபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆங்கிலத்தில் ‘ஃப்ளீஸ்வேர்’ என்று தனிப் பெயரே வைத்தது. தமிழில் ‘கம்பளி உரிப்பான்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

தானாகக் கழியும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. தகவல் ஒவ்வொரு வாரமும் வந்திருக்கிறது. அப்பா குறுஞ்செய்தி படிப்பதில்லை.

2 ஜூன் 2024, இரவு 11.20

இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

சுருதிப் பெட்டிக்காரரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. நிறுவனம் ஏதுமில்லை, ஒரே ஆள். வேலைக்குப் போய்க்கொண்டு இரவில் இதைச் செய்தவர். கடை வழியாக வந்த புகாரைப் பார்த்துத்தான் தன் அஞ்சல் பெட்டி நிரம்பியிருந்ததையே அறிந்தாராம். கட்டைகளுக்கான ஒலிக்கோப்புகளைப் பெயர் மாற்றி அடுக்கியபோது ஐந்து கட்டையின் கோப்பு ஐந்தரையின் பெயரிலும் நகலாகிவிட்டது என்றும், தனக்கு ஒரு கட்டை சுருதி என்பதால் ஐந்துக்கு மேல் தான் கேட்டுப் பார்த்ததே இல்லை என்றும் எழுதியிருந்தார். புதிய பதிப்பை இறக்கிச் சோதித்தேன். 207.6. பெண்ணை எழுப்பிக் கேட்கச் சொன்னேன். அரைத் தூக்கத்தில் ‘இப்பத்தான் சரி’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆக, என் வழக்கில் நடந்தது பிழை. ‘ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுத்தது’ என்று மார்ச்சில் நான் எழுதிய குற்றச்சாட்டு, நடந்த செயலுக்குப் பொருந்தும், அந்த ஆளுக்குப் பொருந்தாது. ஆனாலும் புகார் கொடுத்ததற்கு வருந்தவில்லை. கொடுத்திராவிட்டால் அவருடைய பெட்டி இன்னும் நிரம்பியே இருந்திருக்கும், ஐந்தரைக் கட்டைப் பிள்ளைகள் இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

பொருள் இப்போது ஒழுங்காக வேலை செய்வதால் 449 ரூபாயைத் திருப்பிக் கட்டிவிடலாம் என்று பொத்தானை அழுத்தினேன். ‘இது ஏற்கெனவே உங்களிடம் உள்ளது’ என்று கடை மறுத்துவிட்டது.

3 ஜூன் 2024, காலை 6.50

பலரும் கேட்பதால்: ஆம், யுபிஐ எண் தரும்படி அவருக்கு நேரடியாக எழுதிவிட்டேன். வேண்டாம், ஐந்துக்கு மேற்பட்ட கட்டைகளை எல்லாம் ஒருமுறை அளந்து சொன்னால் போதும் என்று கேட்டிருக்கிறார். ஆறரைக் கட்டையின் அலைவெண்ணில் ஒன்று குறைகிறது. எழுதி அனுப்பியிருக்கிறேன்.

14 ஜூலை 2024, மாலை 7.35

பஞ்சாங்கச் செயலி புதுப்பிக்கப்பட்டிருப்பதாகக் கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். ‘விளம்பரங்களை நிரந்தரமாக நீக்க’ என்று இருந்த இடத்தில் ‘விளம்பரங்களைக் குறைக்க’ என்று இருக்கிறது. விலை 249 ஆகியிருக்கிறது. மீட்டெடுக்கும் பொத்தான் இப்போதும் இல்லை, அவருடைய நான்காவது மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. சொல்லை மாற்றத் தெரிந்தவர்களுக்கு நிரலை மாற்றத் தெரியவில்லை என்று என்னால் இனி நம்ப முடியாது. பிப்ரவரியில் ‘அறியாமையா, சூழ்ச்சியா’ என்று நான் திறந்து விட்டுப்போன கேள்வியை இந்தச் செயலியைப் பொறுத்தவரை மூடிக்கொள்கிறேன்.

பழைய வாசகம் தெரியும் பிப்ரவரி 17இன் கைபேசித் திரைப் படமும், ஆணை எண்ணும், இன்றைய படமும் சேர்ந்தால் புகாருக்குப் போதும். வரைவை நான் எழுதித் தருகிறேன். நாளைக் காலை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம் என்று அந்தச் செயலியே சொல்வதால், ஒன்பதுக்கு மேல் 1915க்குப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.